வடிகட்டி வைத்த ஏஐ ஓவியக் கருவிக்கு பிராம்ப்ட் எழுதுவது: முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் விழாப் பத்திரிகையும் பிளெக்ஸும் அச்சிடும் சிறிய கடை எங்களுடையது. இரண்டு ஆண்டுகளாக முகப்புப் படங்களில் பாதியை ஏஐ கருவியில்தான் வரைந்துகொள்கிறோம். கடையில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். காதுகுத்து விழாவுக்குப் படம் கேட்பார்கள். "உங்கள் கோரிக்கை விதிமுறைகளுக்கு முரணானது" என்று பதில் வரும். உடனே, யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள்.

பிராம்ப்ட் என்பது கருவிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் விவரிப்பு. வன்முறை, ஆபாசம், குழந்தைகளுக்குத் தீங்கு போன்றவை வரையப்படாமல் தடுக்க அந்தக் கருவியைச் செய்தவர்கள் வைத்திருக்கும் காவல்தான் வடிகட்டி. அந்தக் காவலுக்கு நம் ஊர்ச் சடங்கும் தெரியாது, சீரும் தெரியாது. நாம் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் மிச்சத்தை அது தானாக ஊகித்துக்கொள்ளும். ஊகம் பெரும்பாலும் நமக்கு எதிராகவே முடியும். நியாயமான படம் வீணாக மறுக்கப்படாமல் இருக்க நாங்கள் கடைப்பிடிக்கும் வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். காவலை ஏமாற்றும் வழி தேடி வந்தவர்களுக்கு 9-வது பகுதியில் பதில் இருக்கிறது.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அளவு. 5 × 7 அங்குலப் பத்திரிகையை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் அச்சிட 1500 × 2100 புள்ளிகள் தேவை. 1024 புள்ளி அகலமுள்ள படத்தை 10 அடி பிளெக்ஸுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு எட்டரைப் புள்ளிதான் மிஞ்சும். பிளெக்ஸைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் ஓரளவு தப்பிக்கலாம் என்றாலும், பெரிதாக்கும் மென்பொருளில் ஒரு முறை ஏற்றாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். நெட்டுவாட்டமா படுக்கைவாட்டமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் வெட்டுப்படுவது தாய்மாமன் தலையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, மேட்டர் எங்கே வரும் என்ற கணக்கு. பெயர், தேதி, மண்டபம் எல்லாவற்றையும் கோரல்டிராவிலோ போட்டோஷாப்பிலோ நாமே போட வேண்டும். ஏஐ வரையும் தமிழ் எழுத்தில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கிடப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். புதிய கருவிகள் தேறி வருகின்றன. ஆனாலும் மணப்பெண்ணின் பெயரை நான் அவற்றை நம்பி ஒப்படைக்க மாட்டேன்.

மூன்றாவது, அதே போன்ற விழாவின் உண்மையான புகைப்படம் ஒன்று. கருவியில் ஏற்றுவதற்காகக் கேட்கவில்லை. எழுதும்போது பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான். நினைவிலிருந்து எழுதினால் பெயர்கள் வரும், பார்த்து எழுதினால் பொருள்கள் வரும்.

நான்காவது, நீங்கள் பயன்படுத்தும் கருவியின் விதிமுறைப் பக்கத்தை ஒரு முறையாவது முழுமையாகப் படியுங்கள். கருவிக்குக் கருவி விதி மாறும். உதாரணமாக, 2023-ல் வெளிவந்த டால்-ஈ 3 என்ற ஓவியக் கருவி, உயிரோடிருக்கும் ஓவியர்களின் பாணியில் படம் கேட்டால் மறுக்கும்படி அமைக்கப்பட்டது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மாலை முழுவதும் அதனோடு மல்லுக்கட்டிய பையன் எங்கள் கடையில் இருக்கிறான்.

கடைசியாக ஒரு 40 பக்க நோட்டு. எதற்கு என்று 8-வது பகுதியில் தெரியும்.

2. காட்சியை முதலில் தமிழில், முழு வாக்கியத்தில் எழுதுங்கள்

யார், என்ன உடுத்தி, எங்கே, என்ன செய்துகொண்டு, எந்த வெளிச்சத்தில். இந்த ஐந்தையும் இதே வரிசையில் எழுதுங்கள். வரிசைக்குக் காரணம் உண்டு. பல கருவிகள் முன்னால் வரும் சொற்களுக்கே அதிக எடை தருகின்றன. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஓவியக் கருவியின் தொடக்கப் பதிப்புகளில் எழுத்தைப் படிக்கும் பகுதிக்கு 77 துண்டுகள்தான் வரம்பு. துண்டு என்பது ஒரு சொல்லோ சொல்லின் ஒரு பகுதியோ. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொன்று போக 75 துண்டுகள்தான் நமக்கு. அதற்கு மேல் எழுதியது காற்றில் போகும். முக்கியமான உடையை நீங்கள் கடைசி வரியில் வைத்திருந்தால் உடையும் சேர்ந்தே போகும். அதன் விளைவை 5-வது பகுதியில் பார்க்கலாம்.

புதியவர்களை நான் மாங்காயில் தொடங்க வைக்கிறேன். எந்த வடிகட்டியும் தொடாத பொருள் அது. "கிருஷ்ணகிரி மாம்பழம்" என்று எழுதினால் உருண்டையாக, கன்னம் சிவந்த ஏதோ ஒரு வெளிநாட்டுப் பழம் வரும். நம் ஊரில் கூழ் ஆலைக்கு லாரி லாரியாகப் போகும் பெங்களூரா மாங்காய் அதுவல்லவே. "நீண்ட மாங்காய், நுனி கிளிமூக்குபோல் வளைந்தது, பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும் தோல், காம்பில் பால் வடிந்த கறை" என்று எழுதினால்தான் நம் தோப்பு வரும். ஊர்ப் பெயரை அது அறியாது, உருவத்தைச் சொன்னால் வரையும் என்பது மாங்காயிலேயே புரிந்துவிட்டால் சடங்குகளுக்குப் போகலாம்.

3. சடங்கின் பெயரைப் பிரித்துப் போடுங்கள்

போன ஆண்டு எங்கள் கடைப் பையன் காதுகுத்துப் பத்திரிகைக்கு எழுதிய முதல் பிராம்ப்ட் இது:

"காது குத்தும் விழா, தாய்மாமன் மடியில் அழும் குழந்தை, ஆசாரி ஊசியால் காதைக் குத்துகிறார்."

நமக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. சடங்கை அறியாத ஒருவர் கண்ணால் படித்துப் பாருங்கள். குழந்தை. அழுகை. ஊசி. குத்துதல். ஆண் ஒருவரின் மடி. ஒவ்வொன்றும் தனியாக வந்தால் கடந்து போகும். ஐந்தும் ஒரே வரியில் குவிந்தால் குழந்தையை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றே படும். அப்படி ஒரு வரியைக் கண்டு காவல் சும்மா இருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

அடுத்த கேள்வியை நான் பையனிடம் கேட்டேன்: பத்திரிகை முகப்பில் எந்தக் கணம் வேண்டும்? எந்தக் குடும்பமும் குழந்தை வீறிட்டு அழும் கணத்தை அச்சடித்து உறவினர்களுக்குக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது அதற்குச் சற்று முந்தைய கணம். திருத்திய பிராம்ப்ட்:

"பட்டுப் பாவாடையும் சட்டையும் அணிந்த ஒரு வயதுக் குழந்தை, சிரித்த முகம், மழித்த தலையில் பூசிய சந்தனம். வெள்ளைச் சட்டையும் பட்டு வேட்டியும் அணிந்த 35 வயதுத் தாய்மாமன் மடியில் அமர்ந்திருக்கிறது. அம்மாவும் பாட்டியும் பட்டுச் சேலையில் பக்கத்தில் நிற்கிறார்கள். முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு ஜோடி சிறிய தங்கக் கம்மல். கருங்கல் தூண்கள் உள்ள கோயில் மண்டபம், காலை வெளிச்சம். படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக, சந்தன நிறத்தில்."

ஒரே முயற்சியில் வந்தது. இதில் எதையும் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மடியும் இருக்கிறது, குழந்தையும் இருக்கிறது. உடையும் குடும்பமும் இடமும் சேர்ந்ததால் பார்ப்பவருக்கு இது விழா என்று புரிகிறது. கம்மல் தாம்பாளத்தில் இருப்பதால் என்ன விழா என்பது நம் ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஆசாரி மட்டும் படத்தில் இடம் பெறவில்லை. வெற்றிலை பாக்கு தட்சிணையில் அவருக்குக் குறை வைக்காமல் இருந்தால் போதும்.

4. ஆங்கிலத்துக்கு மாற்றினால் திரும்பத் தமிழில் படித்துப் பாருங்கள்

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற உரையாடல் கருவிகள் தமிழ் பிராம்ப்டை ஏற்கும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகையில் பழைய பதிப்புகள் ஆங்கிலக் குறிப்புகளோடு பழகியவை. தமிழில் எழுதினால் ஒரே எழுத்தையே பல துண்டாக நறுக்கி, 75 துண்டு வரம்பை இரண்டு வரியில் தீர்த்துவிடும். ஆகவே அங்கே மொழிபெயர்ப்பு தவிர்க்க முடியாதது. வில்லங்கமும் அங்கேதான்.

"சுட்ட சோளம்" என்பதில் சுட்டது நெருப்பா துப்பாக்கியா என்று இயந்திரம் குழம்பலாம். குத்துவிளக்கைச் சொல் சொல்லாகப் பிரித்தால் குத்துவதும் விளக்கும் தனித்தனியாகும். திருவிழா "வெடி" வெடிகுண்டாகும். தருமபுரிப் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் கொல்லை என்போம். "கொல்லையில் ராகி அறுக்கும் பெண்கள்" என்பதில் ல-வுக்குப் பதில் ள விழுந்தால் கொள்ளை, ஒரு ல் குறைந்தால் கொலை. அதோடு "அறுக்கும்" என்ற சொல்லும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு முறை ராகிக் களி உருண்டைக்கு உணவகப் பலகை செய்தோம். களி என்பதை ஒலிபெயர்த்து எழுதினான் பையன். நாக்கை நீட்டிக்கொண்டு காளி வந்து நின்றாள். வாடிக்கையாளர் கும்பிட்டுவிட்டு, "களி எங்கே?" என்றார்.

ஆகவே இந்தப் படியைத் தாண்டாதீர்கள்: மொழிபெயர்த்ததை இன்னொரு சாளரத்தில் திரும்பத் தமிழாக்கிப் படியுங்கள். அரை நிமிட வேலை. சுட்ட சோளம் "தணலில் வாட்டிய சோளக்கதிர்" என்றும், குத்துவிளக்கு "தரையில் நிற்கும் உயரமான பித்தளை எண்ணெய் விளக்கு" என்றும், களி "கருஞ்சிவப்பு நிற, மிருதுவான கேழ்வரகு மாவு உருண்டை" என்றும் மாற வேண்டும்.

5. உடையும் வயதும் முதல் வரியிலேயே

"பெண்", "பையன்" என்ற இரண்டும் தமிழில் எல்லா வயதுக்கும் பொருந்தும். நாற்பது வயது உதவியாளரையும் "கடைப் பையன்" என்போம். மொழிபெயர்ப்பில் இவை சிறுமியாகவும் சிறுவனாகவும் இறங்கும். "மணப்பெண்" சிறுமியாகப் போனால் கருவியின் கண்ணில் அது குழந்தைத் திருமணம். "மாம்பழக் கூடை தூக்கும் பையன்" குழந்தைத் தொழிலாளி. இரண்டையும் மறுப்பதற்காக அதைக் குறை சொல்ல முடியாது. "27 வயது மணமகள்", "30 வயதுத் தொழிலாளி" என்று எண்ணோடு எழுதுங்கள். 18-ஐ ஒட்டி எழுதாமல் தாராளமாகத் தள்ளியே எழுதுங்கள். கருவி வரையும் முகம் சொன்ன வயதைவிடச் சில ஆண்டுகள் இளமையாக வருவதுண்டு.

உடை ஏன் முன்னால் என்பதற்கு ஒகேனக்கல்தான் எனக்குப் பாடம். அங்கே தங்கும் விடுதி ஒன்றுக்குத் துண்டறிக்கை. அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது அந்த ஊரின் அடையாளம். "ஒகேனக்கல் அருவியில் எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளும் ஆண்கள்" என்று நானே எழுதினேன், நானே மறுப்பும் வாங்கினேன். எண்ணெய், மசாஜ், ஆண்கள் என்ற சொற்கள் கூடினால் பாறையும் ஆறும் யார் கண்ணுக்குத் தெரியும்?

இரண்டாம் முறை இப்படி: "முழங்கால்வரை மடித்துக் கட்டிய கட்டம்போட்ட லுங்கியும் தோளில் ஈரத்துண்டுமாக 50 வயது ஆண், கரும்பாறையில் நேராக உட்கார்ந்திருக்கிறார். அரைக்கைச் சட்டை அணிந்த இன்னொருவர் அவர் தலையில் எண்ணெய் வைக்கிறார். பின்னால் பல கிளைகளாக விழும் அகன்ற அருவி, குடும்பம் குடும்பமாகச் சுற்றுலாப் பயணிகள். தூரத்திலிருந்து எடுத்த பகல்நேரப் புகைப்படம்." வந்தது. தூரம் என்ற சொல் இங்கே முக்கியம். வரைந்து முடித்த படத்தைப் பரிசோதிக்கும் வடிகட்டி, படத்தில் தோல் எவ்வளவு பரப்பை அடைக்கிறது என்பதிலும் மிரளக்கூடும்.

விடுதிக்காரர் கடைசியில் பரிசல் படத்தைத்தான் எடுத்துக்கொண்டார். பரிசலுக்கும் பெயர் போதாது. "தட்டையான அடிப்பாகம் கொண்ட, பெரிய வட்டக் கூடைபோன்ற மூங்கில் படகு, ஒற்றைத் துடுப்பு" என்றால் ஓரளவு வரும். வெறும் படகு என்றால் கேரளத்துக்குப் போய்விடும்.

6. ஆயுதம், ரத்தம், விலங்கு: கணத்தைத் தேர்ந்தெடுங்கள்

எங்கள் மாவட்டத்தில் தையிலிருந்து எருது விடும் விழா. ஒவ்வோர் ஊரும் பிளெக்ஸ் கேட்கும். "காளையை விரட்டும் கூட்டம்" என்று எழுதினால் விலங்கு வதை என்று நிற்கலாம். நிற்காவிட்டாலும் ஸ்பெயின் தெருவில் சிவப்புக் கழுத்துத்துணியோடு வெள்ளைக்காரர்கள் ஓடுவார்கள். "வெள்ளை நிற நாட்டுக்காளை, உயர்ந்த திமில், வண்ணம் தீட்டிய கொம்புகளில் கட்டிய அலங்காரத் தட்டி, கழுத்தில் சலங்கை, வேட்டி கட்டிய உரிமையாளர் கயிற்றைப் பிடித்துப் பெருமையோடு நிற்கிறார்" என்று எழுதுங்கள். பிளெக்ஸுக்கு வேண்டியது உரிமையாளரின் பெருமைதான். ஓட்டம் விழாவன்று நடக்கும்.

தெருக்கூத்துக்காரர்கள் வந்தால் வேலை கடினம். பதினெட்டாம் போர் முடிவில் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்த பிரமாண்ட உருவம், தொடை பிளந்து கிடக்கும். "ரத்த வெள்ளத்தில் துரியோதனன்" என்றால் நேரடியாகக் கொலைக் காட்சி. "தரையில் ஈர மண்ணால் வடித்த முப்பது அடி நீள அரசன் உருவம், படுத்த நிலை, வண்ணம் பூசிய முகம், பெரிய மீசை, கிரீடம். சுற்றிலும் கிராமத்தார் கும்பிட்டு நிற்கிறார்கள்" என்றால் அது சிற்பம். இதைத் தந்திரம் என்று யாரும் சொல்ல முடியாது, உண்மையிலேயே அது மண் உருவம்தான். முன்பு நாம்தான் பாதி உண்மையை எழுதாமல் விட்டிருந்தோம். துகிலுரிதல் காட்சியை மட்டும் ஏஐயிடம் கேட்காதீர்கள். கைகூப்பி வானம் பார்க்கும் திரௌபதி வேடதாரி, முழு ஒப்பனை, முழுச் சேலை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூத்துக் கட்டுபவர்களே அதைத்தான் விரும்புகிறார்கள்.

முனியப்பன் கை வாளும் அப்படியே. "கோயில் வாசலில் சுதைச் சிலை, உருட்டிய கண்கள், கையில் வளைந்த வாள்" என்று சிலையைச் சிலையென்றே சொன்னால் வரும். கிடா விருந்துக்கு வெட்டைக் கேட்காமல் வாழை இலையையும் அண்டாவையும் கேளுங்கள்.

7. வேண்டாததை எழுதாதீர்கள்

"ரத்தம் இல்லாமல்", "ஆபாசம் இல்லாமல்", "ஆயுதம் வேண்டாம்". புதியவர்கள் அத்தனை பேரும் நல்லெண்ணத்தில் இதைச் சேர்க்கிறார்கள். கெடுப்பதும் இதுதான். சொற்களைப் பார்த்து நிறுத்தும் வடிகட்டிக்கு "ரத்தம்" மட்டும் கண்ணில் படும், "இல்லாமல்" படாது. வரையும் பகுதிக்கும் பெரும்பாலும் அதே கண்தான். யானை வேண்டாம் என்றால் யானையோடு வரும்.

இல்லாமையை இருப்பாக மாற்றி எழுதுங்கள். கூட்டம் வேண்டாம் என்றால் "வெறிச்சோடிய தெரு". ரத்தம் வேண்டாம் என்றால் "சுத்தமான தரை". ஸ்டேபிள் டிஃப்யூஷனில் வேண்டாதவற்றுக்கென்றே தனிப் பெட்டி உண்டு. மிட்ஜர்னி என்ற இன்னொரு ஓவியக் கருவியில் இரட்டைக் கோடு போட்டு 'நோ' (--no) என்று தனியாகக் குறிக்கலாம். அந்த இடத்தில் எழுதினால் அது வேலை செய்யும்.

8. மறுத்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

மறுப்பு பொதுவாக இரண்டு இடத்தில் எழும். எழுதியதைப் படித்தவுடன் ஒன்று, வரைந்து முடித்த படத்தைப் பார்த்து இன்னொன்று. அனுப்பிய நொடியிலேயே மறுப்பு வந்தால் சொல்லில் சிக்கல். சற்று நேரம் வரைந்துவிட்டுப் பிறகு மறுத்தாலோ, ஸ்டேபிள் டிஃப்யூஷனில் நடப்பதுபோல் கறுப்புச் சதுரம் வந்தாலோ, படத்தில் சிக்கல். புதியவர்கள் இதைப் பிரித்துப் பார்க்காமல், படத்தில் உள்ள கோளாறுக்குச் சொல்லை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

படத்தில் சிக்கல் என்றால் அதே பிராம்ப்டை இன்னொரு முறை ஓட்டலாம். ஒவ்வொரு முறையும் வேறு தொடக்கப் புள்ளியிலிருந்து வரைவதால் அடுத்தது தேறக்கூடும். இரண்டு முறையும் தேறாவிட்டால் கோணத்தை, தூரத்தை, உடையை மாற்றுங்கள். சொல்லில் சிக்கல் என்றால் மறுபடி ஓட்டிப் பயனில்லை. பிராம்ப்டைப் பாதியாக வெட்டி முதல் பாதியை மட்டும் அனுப்புங்கள். அது போனால் குற்றவாளி இரண்டாம் பாதியில் இருக்கிறான். மீண்டும் பாதி. சில முயற்சிகளிலேயே சொல் அகப்படும். தனித்தனியே போகிற இரண்டு பாதியும் சேர்ந்தால் மறுக்கப்பட்டால், சிக்கல் ஒரு சொல்லில் இல்லை, காதுகுத்தில் நடந்ததுபோல் சேர்க்கையில் இருக்கிறது.

ஒரு முயற்சிக்கு ஒரு மாற்றம் மட்டும். மூன்றை ஒருசேர மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது, அடுத்த வாடிக்கையாளருக்கு மறுபடி முதலிலிருந்து. நோட்டில் இடப்பக்கம் கேட்டது, வலப்பக்கம் வந்தது, கீழே மாற்றியது. எங்கள் நோட்டில் "மடி", "ஈரச் சேலை", "சங்கிலி", "கட்டிய" ஆகிய நான்கும் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கின்றன. தலைப்பாகை "கட்டிய", தோரணம் "கட்டிய", இரண்டுமே மொழிபெயர்ப்பில் கயிற்றால் பிணைத்ததாகப் போய் ஒரு பகல் வீணானது.

உரையாடல் வகைக் கருவியில் வேலை செய்தால் இன்னொன்று. அங்கே முந்தைய பேச்சும் கணக்கில் வரும். நான்கு மறுப்புக்குப் பிறகு நீங்கள் எழுதும் நல்ல பிராம்ப்டையும் அது சந்தேகத்தோடுதான் படிக்கும். திருத்திய பிராம்ப்டைப் புதிய உரையாடலில் தொடங்குங்கள். விழா என்ன, படம் எதற்கு என்று ஒரு வரியில் உள்ளதை உள்ளபடி முன்னால் சொல்லுங்கள்.

9. நின்றுவிட வேண்டிய இடங்கள்

எழுத்தை உடைத்து நடுவே புள்ளி வைப்பது, ஆபாசச் சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடுவது, தக்காளிச் சாறு என்று சொல்லி ரத்தம் வரவழைப்பது. இவை இணையத்தில் சுற்றுகின்றன. செய்யாதீர்கள். படத்தைப் பார்க்கும் இரண்டாவது காவல் அப்படியே இருக்கிறது. மீறல் திரும்பத் திரும்பப் பதிவானால் கணக்கு முடக்கப்படலாம். கடையின் ஆறு மாத வேலை அந்தக் கணக்கில் இருக்கும்.

மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகைகள் வாரத்துக்கு ஒன்றாவது வருகின்றன. பெண்பிள்ளையை நீராட்டுவதுபோல் படம் கேட்பவர்கள் உண்டு. அதற்கு பிராம்ப்டே எழுதுவதில்லை என்பது எங்கள் கடை வழக்கம். பன்னிரண்டு வயதுக் குழந்தை, நீர், சடங்கு. எந்தக் கருவியும் மறுக்க வேண்டிய சேர்க்கை அது, மறுத்தாலும் மறுக்காவிட்டாலும் நான் கேட்க மாட்டேன். குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படத்தை உருவாக்குவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம் என்பதையும் கடையில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். பத்திரிகைக்குப் பித்தளைக் குடம், மஞ்சள் கொத்து, பச்சைத் தென்னங்கீற்று, பழமும் வளையலும் அடுக்கிய சீர்த்தட்டுகள் போதும். தாய்மாமன் சீர் பெரிதாகத் தெரிகிறது என்று அந்தக் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் மகிழ்ச்சி.

நடிகரோ தலைவரோ தோளில் கை போட்டு நிற்பதுபோல் கேட்பார்கள். நடக்காததை நடந்ததாகக் காட்டும் படம் அது. கருவி மறுத்தால் அதுவே உங்களுக்கு நல்ல சாக்கு, வாடிக்கையாளரிடம் மறுப்பைக் காட்டிவிடுங்கள். மறைந்த அப்பா மணமேடையில் ஆசீர்வதிப்பதுபோல் கேட்பவர்களிடம் மட்டும் எனக்கு முடியாது என்று சொல்ல வாய் வராது. ஏஐயிடம் கொடுத்தால் முகம் சற்றே வேறொருவராகிவிடும், அதைப் பார்த்து ஒரு அம்மா அழுததைப் பார்த்திருக்கிறேன். பழைய புகைப்படத்தைப் போட்டோஷாப்பில் வெட்டி, மாலை போட்டு, மேல் மூலையில் வைத்துக் கொடுக்கிறேன்.

10. படம் வந்த பிறகு

விரல்களை எண்ணுங்கள். பிறகு தாலி, மெட்டி, முந்தானை. முந்தானை வலத்தோளில் கிடப்பது அடிக்கடி நடக்கும். குத்துவிளக்கின் உச்சியில் சிலுவையோ பிறையோ முளைத்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வாசலில் போட்ட கோலம் எழுத்துபோலத் தெரிந்தால் அழித்துவிடுங்கள்.

ஏஐ படம் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். சில கருவிகள் கண்ணுக்குத் தெரியாத குறியைப் படத்திலேயே பதிக்கின்றன. கூகுளின் சிந்த்ஐடி அப்படிப்பட்டது. பின்னால் யாராவது சோதித்துச் சொல்லி அவருக்குத் தெரிவதைவிட நீங்களே சொல்வது நல்லது.

ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீட்டில் மூத்த பெண்மணியிடம் காட்டச் சொல்லுங்கள். சென்ற மாதம் கிடா விருந்துப் பத்திரிகை ஒன்றை நான் பார்த்தேன், பையன் பார்த்தான், வீட்டுக்காரரும் பார்த்துச் சரி என்றார். அச்சுக்குப் போகும் முன் அவருடைய பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, இலையின் நுனி வலப்பக்கம் இருக்கிறது என்றார். படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டேன். பரிமாறுகிறவர் இடக்கையால் பரிமாற ஆரம்பித்தார். மறுபடி வரைய வேண்டியதாயிற்று.